130 டாலர்

சூப்பர்மேன் கதைகள் உயர்ந்த இலக்கியம் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படி யாராவது சொன்னால் அவரோடு மல்லுக்கு நிற்கவும் எனக்கு நேரமில்லை. நீலச் சட்டையும் முதுகில் சிவப்புச் சால்வையுமாக ஒரு மனிதன் வருகிறான். காரைத் தலைக்கு மேல் தூக்குகிறான். குண்டு பட்டால் சிரிக்கிறான். மற்ற நேரத்தில் மூக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒரு பத்திரிகைக் காரியாலயத்தில் பரம சாதுவாக வேலை பார்க்கிறான். பையன்கள் வாசிக்கட்டும். பெரியவர்களும் மறைத்து வைத்துக்கொண்டு வாசிக்கட்டும். எனக்கு ஆட்சேபம் இல்லை. என் ஆட்சேபமெல்லாம் அந்தக் கதைகளை விற்ற கம்பெனியைப் பற்றியது. அதைவிட அதிகமாக, அந்தக் கம்பெனி செய்தது நியாயந்தான் என்று இன்றைக்கும் வாதாடுகிற நல்ல மனிதர்களைப் பற்றியது.

அவர்களுடைய வாதம் மிகவும் சுருக்கமானது. "விற்றார்கள், வாங்கினார்கள். ஒரு துண்டு நிலத்தை விற்றுவிட்டு, பிறகு அதில் எண்ணெய் ஊறுகிறது என்று கேள்விப்பட்டு ஓடி வந்து பங்கு கேட்டால் யார் கொடுப்பார்கள்?" என்கிறார்கள். என் நண்பர் ஒருவர், சட்டம் படித்தவர், இதை ஒரு முறை மிகுந்த திருப்தியோடு சொல்லிவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். விஷயம் தீர்ந்துவிட்டது என்பது அவர் நினைப்பு.

தீரவில்லை. ஏன் என்று சொல்கிறேன். முதலில் கதையைக் கேளுங்கள்.

இன்று டி.சி. என்ற இரண்டெழுத்தால் உலகெங்கும் அறியப்படும் அந்தக் கம்பெனியை ஆரம்பித்தவர் மேஜர் மால்கம் வீலர்-நிக்கல்ஸன் என்பவர். குதிரைப்படையில் இருந்தவர்; மலிவு விலைப் பத்திரிகைகளுக்குச் சாகசக் கதைகள் எழுதியவர். அந்தக் காலத்துப் படக்கதைப் புத்தகங்கள் பெரும்பாலும் தினசரிகளில் வந்த துணுக்குப் படக்கதைகளின் மறு அச்சு. மேஜருக்கு ஒரு யோசனை உதித்தது. தினசரிகளிடம் உரிமை வாங்குவதற்குப் பதில், புதிதாகவே எழுதச் சொல்லி, வரையச் சொல்லி வெளியிட்டால் என்ன? 1935-ல் அப்படி ஒரு புத்தகத்தை வெளியிட்டார். யோசனை அருமையான யோசனை; பணந்தான் இல்லை. எழுதியவர்களுக்கும் வரைந்தவர்களுக்கும் கூலி பாக்கி, அச்சுக்கூடத்துக்கும் பாக்கி. அந்த அச்சு, விநியோக வியாபாரம் ஹாரி டோனன்ஃபெல்ட் என்பவருடையது. அரைகுறை ஆடைப் படங்கள் போட்ட பத்திரிகைகளை விற்றுக் காசு பார்த்தவர் அவர். அவருடைய கணக்கப்பிள்ளை ஜாக் லீபோவிட்ஸ். 1937-ல் மேஜரையும் கூட்டாளியாக வைத்துக்கொண்டு துப்பறியும் படக்கதைப் பத்திரிகை ஒன்றைத் தொடங்கினார்கள். அதன் பெயரின் முதலெழுத்துக்கள்தாம் டி.சி. 1938-ல் மேஜர் வெளியே, கடன்காரர்கள் உள்ளே. ஆக, அந்த ஸ்தாபனத்தில் வெறுங்கையோடு அனுப்பப்பட்ட முதல் ஆசாமி அதன் ஸ்தாபகரேதான். பின்னால் வந்தவர்களுக்கு இது ஒரு நல்ல சகுனம் அல்ல.

பின்னால் வந்தவர்கள் இரண்டு பேர். ஜெர்ரி ஸீகல் எழுதுவார். ஜோ ஷூஸ்டர் வரைவார். இருவரும் 1914-ல் பிறந்தவர்கள். குடியேறிய யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். ஓஹையோ மாகாணத்துக் கிளீவ்லாந்து நகரில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். ஸீகலின் தகப்பனார் துணிக்கடை வைத்திருந்தார். 1932-ல் கடையில் திருடர்கள் புகுந்த சமயத்தில் மாரடைத்து இறந்துபோனார். அதற்குச் சில மாதங்களுக்குப் பிறகு, 1933 ஜனவரியில், பிள்ளை தானே சுருளச்சில் ஒட்டி விற்ற பத்திரிகையில் 'சூப்பர்மேன்' என்ற பெயர் முதல் முதலாக வருகிறது. அந்தக் கதையில் அவன் வில்லன். பிறகு அவனை நல்லவனாக்கினார்கள். துப்பாக்கிக் குண்டு துளைக்காத உடம்பு கொடுத்தார்கள். தகப்பனாரின் சாவுக்கும் இந்த உடம்புக்கும் முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. நான் போட மாட்டேன். ஆனால் அந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

நான்கைந்து வருஷம் அலைந்தார்கள். தினசரிகளுக்குப் படக்கதை விநியோகிக்கும் கம்பெனிகள் ஒன்று விடாமல் திருப்பி அனுப்பின. ஒரு பிரதியை மனம் வெறுத்துப் போய் ஷூஸ்டரே நெருப்பில் போட்டார். அட்டைப் படம் மட்டுந்தான் மிஞ்சியது. கடைசியில் 1938-ல், டோனன்ஃபெல்ட் கம்பெனி புதிதாக ஆரம்பிக்கும் பத்திரிகைக்குச் சரக்கு தேடியபோது இது கண்ணில் பட்டது. தினசரிக்காக வரைந்த கட்டங்களை வெட்டிப் புத்தகப் பக்கமாக ஒட்டித் தரச் சொன்னார்கள். ஒட்டிக் கொடுத்தார்கள். 13 பக்கம். பக்கத்துக்கு 10 டாலர். ஆக மொத்தம் 130 டாலர். அதோடு 1938 மார்ச் 1-ஆம் தேதி ஒரு காகிதத்தில் கையெழுத்து: இந்தப் பாத்திரமும் இந்தக் கதையும் சகல உரிமைகளோடும் என்றென்றைக்கும் கம்பெனியைச் சேரும். வேறு சில கதைகளுக்கான கூலியையும் சேர்த்து 412 டாலருக்குச் செக் வந்தது. அந்தச் செக்கில் இருவருடைய பெயரையும் தப்பாக எழுதியிருந்தார்கள்.

அந்தச் செக்குக்குத் தனிச் சரித்திரம் உண்டு. 2012-ல் அதை ஏலம் போட்டார்கள். 160,000 டாலருக்குப் போயிற்று. அந்தக் காகிதம் வாங்கிக்கொடுத்த புத்தகம், 10 சென்ட்டுக்கு விற்றது. அதன் பிரதி ஒன்று 2024-ல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. நூறு, இருநூறு மடங்கு என்று கணக்குப் பார்க்கும் வாசகர் வீணாகச் சிரமப்பட வேண்டாம். நான் சொல்ல வந்தது வேறு. செக்கைப் பாதுகாத்து வைத்தார்கள். புத்தகத்தைப் பாதுகாத்து வைத்தார்கள். பெயர் தப்பாக எழுதப்பட்ட அந்த இரண்டு மனிதர்கள் என்ன ஆனார்கள்?

உண்மையைச் சொல்ல வேண்டும். உடனே பட்டினி கிடந்துவிடவில்லை. கம்பெனி தொடர்ந்து வேலை கொடுத்தது. 1939-ல் தினசரிகளிலும் சூப்பர்மேன் வந்தான். 1940-ல் ரேடியோவில் வந்தான். 1941-ல் திரையில் கார்ட்டூனாக வந்தான். ஸீகலும் ஷூஸ்டரும் கிளீவ்லாந்தில் ஒரு சிறு சித்திரக்கூடம் வைத்து, உதவிக்கு ஆட்கள் வைத்து, அந்த நாளைக்கு நல்ல வருமானமே பார்த்தார்கள். கம்பெனி தரப்பார் இதை அடிக்கடி எடுத்துக் காட்டுகிறார்கள். காட்டட்டும். கூலி கொடுத்தது உண்மை. கூலிக்காரனாக வைத்துக்கொண்டதும் உண்மை.

ஸீகல் 'சூப்பர்பாய்' என்று ஒரு யோசனையைக் கம்பெனிக்கு முன்பே சொல்லியிருந்தார். சூப்பர்மேனுடைய பிள்ளைப் பருவம். அப்போது வேண்டாம் என்றுவிட்டார்கள். 1943-ல் அவர் பட்டாளத்துக்குப் போனார். 1945 ஜனவரி தேதியிட்ட இதழில், ஆள் ஊரில் இல்லாத சமயம், அவரைக் கேட்காமலே அந்தப் பையன் வெளியே வந்துவிட்டான். திரும்பி வந்தவர் 1947-ல் வழக்குப் போட்டார், ஷூஸ்டரும் சேர்ந்துகொண்டார். சூப்பர்மேன் கம்பெனிக்குத்தான் சொந்தம், சூப்பர்பாய் ஸீகலுடையது என்று ஒரு முடிவு ஏற்பட்டது. அப்புறம் ராஜி. சுமார் 94,000 டாலர் கொடுத்து இரண்டையும் கம்பெனியே எடுத்துக்கொண்டது. அதில் வக்கீல்களுக்குப் போனது போக மிச்சம் இவர்களுக்கு. வேலை போயிற்று. அதோடு, புத்தகத்தில் அதுவரை அச்சாகி வந்த இரண்டு பெயர்களும் போயின.

இந்த இடத்தில்தான் என் நண்பர் வக்கீலோடு எனக்குத் தகராறு. பணத்தை அவர் விளக்கிவிடுவார். பெயரை எந்தச் சட்டப் புத்தகத்தைக் கொண்டு விளக்குவார்? நிலத்தை விற்றவன் நிலத்தை உண்டாக்கியவன் அல்லன். அது அவன் பாட்டனுக்கும் முன்னால் அங்கே இருந்தது. அதனால்தான் அந்த உபமானம் இங்கே ஒட்டவில்லை. சூப்பர்மேன் 1933-க்கு முன்னால் எங்கும் இருந்ததில்லை. அவனை வாங்கலாம், விற்கலாம், அடகு வைக்கலாம். ஆனால் அவனை யார் உண்டாக்கினார்கள் என்பது நடந்து முடிந்த ஒரு சம்பவம். நடந்த சம்பவத்தை யாரும் 130 டாலருக்கு விலைக்கு வாங்க முடியாது. பெயரை அழித்தபோது கம்பெனி தான் வாங்கிய எதையும் பயன்படுத்திக்கொள்ளவில்லை. ஒரு பொய்யை அச்சடித்தது, அவ்வளவுதான். மாதா மாதம் லட்சக்கணக்கான பிரதிகளில், குழந்தைகளுக்குச் சத்தியத்தையும் நீதியையும் போதிக்கும் கதைகளுக்கு மேலே.

இதே கம்பெனி வேறொரு கோர்ட்டில் என்ன பேசிக்கொண்டிருந்தது என்று பார்த்தால் இன்னும் ரசமாக இருக்கும்.

சூப்பர்மேன் விற்கிறான் என்று கண்டதும் எல்லாருக்கும் ஒரு சூப்பர்மேன் தேவைப்பட்டான். 1939-ல் ஃபாக்ஸ் என்பவர் 'ஒண்டர்மேன்' என்று ஒருவனை இறக்கினார். வழக்குப் போட்டு ஒரே இதழோடு அவனை அனுப்பிவைத்தார்கள். ஃபாஸெட் கம்பெனி 1940-ல் 'காப்டன் மார்வல்' என்று ஒருவனைக் கொண்டுவந்தது. பில் பார்க்கர் எழுத, சி. சி. பெக் வரைந்தது. பில்லி பாட்ஸன் என்ற அநாதைப் பையன் 'ஷஸாம்' என்று ஒரு மந்திரச் சொல்லைச் சொன்னதும் இடி இடித்து, அவன் மகா பலசாலியாக மாறிவிடுவான். எனக்குக் கேட்டால் சூப்பர்மேனைவிட இது நல்ல கற்பனை. பலசாலி ஒருவன் பலவீனன் வேஷம் போடுவதைவிட, திக்கற்ற குழந்தை ஒரு வார்த்தையால் பெரியவனாவது மனசைத் தொடுகிறது. வாசகர்களுக்கும் அப்படித்தான் பட்டிருக்க வேண்டும். சில வருஷங்கள் சூப்பர்மேனையே விற்பனையில் மிஞ்சி ஓடியது.

1941-ல் வழக்கு. பன்னிரண்டு வருஷம் நடந்தது. ஒரு பாத்திரம் என்பது வெறும் பெயரும் உடையும் அல்ல, அதைக் கற்பனை செய்தவனுடைய தனிப்பட்ட முத்திரை அதில் இருக்கிறது, அதை மற்றவன் தொடலாகாது என்ற அடிப்படையில்தான் இப்படிப்பட்ட வழக்கே நிற்க முடியும். 1951-ல் மேல் கோர்ட்டில் நீதிபதி லேர்னெட் ஹாண்ட் கம்பெனியின் காப்பிரைட் செல்லும் என்று தீர்ப்பளித்தார். 1953-ல் ஃபாஸெட் 400,000 டாலர் கொடுத்து, காப்டன் மார்வலையும் நிறுத்திக்கொண்டது. அப்போது இந்தச் சாகசப் புத்தகங்களுக்கே மவுசு குறைந்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஃபாஸெட் அதனாலும் களைத்துப் போயிருந்தது. ஆனால் தேதிகளைக் கவனியுங்கள். 1948-ல் சூப்பர்மேனின் கர்த்தாக்களிடம் "இது உங்களுடையதல்ல" என்கிறது கம்பெனி. அதே வருஷங்களில் ஃபாஸெட்டிடம் "இது எங்களுடைய சிருஷ்டி" என்று வாதாடுகிறது. யாருடைய சிருஷ்டி? லீபோவிட்ஸின் கணக்குப் புத்தகமா சூப்பர்மேனைப் பெற்றது?

அதற்கப்புறம் நடந்தது நாடகம். காப்டன் மார்வல் கதைகளை நூற்றுக்கணக்கில் எழுதிக் குவித்தவர் ஆட்டோ பைண்டர். 'காப்பியடித்த' கூட்டத்தில் முக்கியமானவர் என்றே அவரைச் சொல்ல வேண்டும். அவரைக் கம்பெனியே கூப்பிட்டு வேலைக்கு வைத்துக்கொண்டது. 1959-ல் சூப்பர்கேர்ளின் முதல் கதையை எழுதியவர் அவர்தான். 1972-ல் கம்பெனி ஃபாஸெட்டிடமிருந்து காப்டன் மார்வலைத் தானே வெளியிடும் உரிமையை வாங்கிற்று. திருட்டுச் சரக்கு என்று தெருவில் போட்டு உடைத்ததை இருபது வருஷம் கழித்துத் தன் கடையிலேயே அடுக்கி வைத்தது. ஆனால் அதற்குள் அந்தப் பெயரை இன்னொரு கம்பெனி பதிவு செய்துகொண்டுவிட்டதால், புத்தகத்துக்கு 'ஷஸாம்' என்று பெயர் வைக்க வேண்டியதாயிற்று. பெக்கையே வரையக் கூப்பிட்டார்கள். வந்தார், கொடுத்த கதைகள் பிடிக்காமல் சில இதழ்களோடு போய்விட்டார். மானஸ்தர்.

பாட்மேன் விஷயம் வேறு மாதிரி. அங்கே கம்பெனியை மட்டும் திட்டித் தப்பித்துக்கொள்ள முடியாது. நம்முடைய ஜாதிக்காரரையும், அதாவது கலைஞரையும், சேர்த்தே திட்ட வேண்டும். 1939 மே மாத இதழில் வந்த பாட்மேனுக்கு பாப் கேன் என்ற ஒரே ஒருவர்தான் கர்த்தா என்று எழுபத்தாறு வருஷம் அச்சாயிற்று. கேன் தம் பெயருக்காகக் கம்பெனியோடு கெட்டிக்காரத்தனமாக ஒப்பந்தம் செய்துகொண்டவர். ஆனால் கேன் முதலில் வரைந்து காட்டிய உருவம் சிவப்பு உடையும் விறைப்பான இறக்கைகளுமாக இருந்தது. முகத்தை மூடும் வௌவால் கவசம், இறக்கைக்குப் பதில் அங்கி, சாம்பல் நிற உடை, புரூஸ் வேய்ன் என்ற பெயர், காத்தம் என்ற நகரம் எல்லாம் பில் ஃபிங்கர் என்ற எழுத்தாளர் கொடுத்தவை. முதல் கதையை எழுதியவரும் அவரே. 1965-ல் நியூயார்க்கில் ரசிகர்கள் கூட்டத்தில் ஃபிங்கர் இதைச் சொல்ல, அது அச்சிலும் வந்தது. கேன் அதை மறுத்துக் காரமாகக் கடிதம் எழுதினார். ஃபிங்கர் 1974-ல் செத்துப்போனார். 1989-ல் கேன் தம் சுயசரிதையில், ஃபிங்கருக்கு உரிய கௌரவம் கிடைக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். செத்தவருக்குச் செலவில்லாமல் செய்யும் தர்மம் அது. 2015-லேதான் கம்பெனி ஃபிங்கரின் பெயரையும் போடச் சம்மதித்தது. அதுவும் ஒரு பிடிவாதக்கார ஆராய்ச்சியாளரும், ஃபிங்கரின் பேத்தியும், ரசிகர்களும் விடாமல் நெருக்கியதால்.

"கலைஞனுக்குப் பணத்தில் சாமர்த்தியம் வேண்டும், கேன் மாதிரி" என்று சிலர் உபதேசம் செய்கிறார்கள். கேனுடைய சாமர்த்தியம் யார் தலையில் விடிந்தது என்று அவர்கள் பார்ப்பதில்லை.

ஸீகலிடம் திரும்புவோம். 1959-ல் அவர் மறுபடி அதே கம்பெனியின் வாசலில் போய் நின்றார். கூலிக்கு எழுதச் சேர்த்துக்கொண்டார்கள், பெயர் போடாமல். தான் பெற்ற பிள்ளையின் வீட்டில் பேர் சொல்லாத வேலைக்காரனாக அவர் சூப்பர்மேன் கதை எழுதினார். 1961-ல் சூப்பர்மேன் செத்துப்போவதாக ஒரு கற்பனைக் கதை வந்தது. வாசகர்கள் நெடுநாள் நினைவில் வைத்திருந்த கதை. அதை எழுதியவர் ஸீகல்தான். யாருக்கும் தெரியாது. காப்பிரைட் புதுப்பிக்கும் சமயத்தில் உரிமை கேட்டு மறுபடியும் வாயைத் திறந்தார், மறுபடியும் வெளியே.

இதற்கிடையில் கம்பெனியே கைமாறியது. 1967-ல் கார் நிறுத்துமிடங்களும் சவ அடக்கக் கூடங்களும் நடத்திவந்த கின்னி என்ற ஸ்தாபனம் அதை வாங்கியது. 1969-ல் அதே ஸ்தாபனம் வார்னர் சினிமாக் கம்பெனியையும் வாங்கியது. சவ அடக்கக்காரர்கள் சாகாத மனிதனை வாங்கினார்கள் என்று நான் வேடிக்கை செய்யவில்லை, நடந்தது அதுதான்.

1975-ல் வார்னர் பெரும் பணம் போட்டு சூப்பர்மேன் படம் எடுக்கப் போகிறார்கள் என்று பத்திரிகைகளில் வந்தது. அப்போது ஸீகல் கலிபோர்னியாவில் தபால் பிரிக்கும் குமாஸ்தா. ஷூஸ்டருக்குப் பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. நியூயார்க்கில் சகோதரரின் ஆதரவில் இருந்தார். ஸீகல் நீண்ட அறிக்கை ஒன்றை டைப் அடித்துப் பத்திரிகைகளுக்கெல்லாம் அனுப்பினார். அந்தப் படம் விளங்காமல் போகட்டும் என்று அதில் வெளிப்படையாகவே சபித்திருந்தார். நாகரிகம் அல்லதான். நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்ஸன் என்ற இரண்டு சித்திரக்காரர்கள் அவர்களுக்காகத் தூக்கம் கெட்டு அலைந்தார்கள். பத்திரிகைகளும் டெலிவிஷனும் பேச ஆரம்பித்ததும் கம்பெனிக்கு வெட்கம் வந்தது. டிசம்பர் மாதம் ஆளுக்கு வருஷத்துக்கு 20,000 டாலர் தருவதாகவும், புத்தகத்திலும் படத்திலும் பெயர் போடுவதாகவும் ஒப்புக்கொண்டார்கள். 1978-ல் படம் வந்தது. சூப்பர்மேனுடைய தகப்பனாகச் சிறிது நேரம் வந்துபோன மார்லன் பிராண்டோவுக்கு 37 லட்சம் டாலர் சம்பளம். உண்மையான தகப்பன்கள் இரண்டு பேருக்கும் அது எத்தனை வருஷத்துப் படி என்று என் நண்பர் வக்கீல் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

கம்பெனியின் கட்சிக்கு இன்னொரு ஆதரவு உண்டு. அது சற்றுக் கனமானது. "இந்த இரண்டு பேர் மட்டுமா சூப்பர்மேனை வளர்த்தார்கள்? ஆரம்பத்தில் அவன் பறக்கக்கூட இல்லை, தாவத்தான் தாவினான். ஜிம்மி ஓல்ஸன் ரேடியோவில் பிறந்தவன். அவனைப் பலமிழக்கச் செய்யும் கிரிப்டனைட் என்ற கல்லும் 1943-ல் ரேடியோ நாடகத்தில் வந்தது. எத்தனையோ பேர் கை பட்டிருக்கிறது" என்கிறார்கள். எல்லாம் உண்மை. ஆனால் எத்தனையோ பேர் கை பட்டது என்றால் எத்தனையோ பேருக்குப் பங்கு உண்டு என்றல்லவா ஆக வேண்டும்? ஒருவருக்குமே இல்லை என்று எப்படி ஆகும்? தவிர, அந்தக் கல் இருக்கிறதே, 1940-லேயே ஸீகல் அப்படி ஒரு தாதுவை வைத்து ஒரு கதை எழுதிக் கொடுத்திருந்தார். அதில் சூப்பர்மேன் தன் ரகசியத்தைக் காதலி லோயிஸ் லேனிடம் சொல்லிவிடுகிறான். கம்பெனி அந்தக் கதையை வெளியிடவில்லை.

அமெரிக்கச் சட்டமே கடைசியில் எழுத்தாளன் பக்கம் கொஞ்சம் சாய்ந்தது. 1976-ல் செய்த காப்பிரைட் சட்டம், அற்பக் காசுக்கு உரிமையை எழுதிக் கொடுத்தவர்களும் அவர்களுடைய வாரிசுகளும் 56 வருஷம் கழித்து அதைத் திரும்பப் பெற வழி செய்தது. ஒரு சரக்கின் மதிப்பு விற்கும்போது யாருக்கும் தெரியாது, இளைஞனான எழுத்தாளனுக்கு முதலாளியோடு பேரம் பேசும் சக்தி இல்லை என்பதை அந்தச் சட்டம் ஒப்புக்கொண்டது. என் நண்பரின் 'விற்றார்கள், வாங்கினார்கள்' வாதத்துக்கு அமெரிக்கப் பார்லிமெண்டே சொன்ன பதில் இது. காப்பிரைட்டை மொத்தமாகக் கொடுத்து வாழ்ந்த தமிழ் எழுத்தாளர்கள் பலருக்கு இப்படி ஒரு ஜன்னல் திறக்கவே இல்லை.

ஜன்னல் திறந்தது, வெளியே வருவது சுலபமாக இல்லை. ஷூஸ்டர் 1992-லும் ஸீகல் 1996-லும் காலமானார்கள். ஸீகல் குடும்பத்தார் 1997-ல் நோட்டீஸ் கொடுத்தார்கள். 2008-ல் கோர்ட்டு, அந்த முதல் புத்தகத்துக் கதையில் ஸீகலின் பங்கு குடும்பத்தைச் சேரும் என்றது. 2013-ல் மேல் கோர்ட்டு, 2001-லேயே இரு தரப்பும் கடிதம் மூலம் ஒரு சமாதானத்துக்கு வந்துவிட்டார்கள், அதுவே கட்டுப்படுத்தும் என்று முடித்துவிட்டது. ஷூஸ்டர் தரப்பிலும் அதே வருஷம் அதே கதி. அவர் இறந்ததும் உடன்பிறந்தவர்கள் 1992-ல் போட்ட கையெழுத்தே போதும் என்றார்கள். மறுபடியும் ஒரு கையெழுத்து.

1938-ல் வெளிவந்த அந்த 13 பக்கங்களுக்கு அமெரிக்காவில் காப்பிரைட் 95 வருஷம். 2034 ஜனவரி 1-ஆம் தேதி யார் வேண்டுமானாலும் அவற்றை அச்சடித்து விற்கலாம். அதுவரை சூப்பர்மேன் படங்களின் டைட்டிலில், ஸீகலும் ஷூஸ்டரும் படைத்தது என்ற வரியும், அதன் அடியில் ஸீகல் குடும்பத்தோடு செய்துகொண்ட விசேஷ ஏற்பாட்டின்படி என்ற வரியும் வரும். நம் ஊர்த் தியேட்டர்களில் அந்த வரி வரும்போது ஜனங்கள் இன்னும் நாற்காலி தேடிக்கொண்டிருப்பார்கள்.